மையவாடிக் கணினி

எங்கள் கராங்செகாரா ஊர் அலுவலகத்துக்குள் தலைகுனியாமல் யாரும் நுழைய முடியாது. மரியாதை காரணமில்லை. கடல் ஏற ஏறத் தரையில் மண்ணைக் கொட்டி உயர்த்திக்கொண்டே வந்தார்கள். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒன்பது முறை உயர்த்தியாயிற்று. மூன்று முறைதான் என்று என் கூட்டாளி குஸ்னாதி சொல்வான். எதையும் உள்ளபடியே பார்க்கிற வியாதி அவனுக்கு. சன்னல் இப்போது கணுக்காலுக்கு வந்துவிட்டது. மின்விசிறிக்குக் கீழே நடந்தால் முடி வெட்டிக்கொண்டு வெளியே வரலாம். மாவட்டத் தலைவரே ஒருமுறை வந்து, எங்கள் குமாஸ்தா விந்தார்த்திக்கு இடுப்பு வரை குனிந்து கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

என்னைப் பற்றியும் ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் தார்முஜி. தொலைபேசி இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். 'சுமார்' என்கிற சொல் என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. எத்தனை மீன் பிடித்தாய் என்று கேட்டால் நாற்பத்தேழு என்பேன். கூடையில் இரண்டு கிடக்கலாம். ஆனால் நாற்பத்தேழு என்று சொல்லும்போது கேட்கிறவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்கு விலையே கிடையாது. சுமார் நாற்பது என்பவனை யாரும் நம்புவதில்லை. நாற்பத்தேழு என்பவனை நம்பிவிடுகிறார்கள்.

ஈபு காசியாத்தி அப்படி ஓர் எண்ணைக் கேட்டுத்தான் வந்தார்.

கருவாடு விற்கிற அம்மாள்; எங்கள் பக்கம் பெண்களை 'ஈபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் மரியாதையாக அழைப்போம். அவர் மகன் பிராயித்னோ பத்தொன்பது வயதில் கடலில் போனவன், இருபது வருடமாகிறது. கரை ஒதுங்கிய உடலை ஊர் மையவாடியில்தான் அடக்கம் செய்தோம். அந்த மையவாடியை இப்போது கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அலை ஏறினால் வாசல் தூண் இரண்டு மட்டும் தெரியும், தண்ணீரில் யாரோ கை தூக்கி நிற்பதுபோல. கபர்களின் தலைமாட்டில் நட்ட மீசான் பலகைகள் எல்லாம் மரம். எப்போதோ மிதந்து போய்விட்டன. கடல் நன்றாக உள்வாங்குகிற ஐந்து காலைகள் வரப்போகின்றன, அந்த ஐந்து நாளில் எலும்புகளை எடுத்து மேட்டு நிலத்தில் மறுபடி அடக்கம் செய்துவிடலாம் என்று ஊர் முடிவு செய்தது. ஆனால் வரிசையும் எண்ணும் தெரிந்த கபர்களை மட்டும்தான் தோண்டுவார்கள். சேற்றில் குத்துமதிப்பாகத் தோண்டி அடுத்தவர் வீட்டு ஆளை எழுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்?

பழைய பதிவேடு முதல் வெள்ளத்திலேயே கூழாகிவிட்டது. எண்கள் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்: நான் எழுதிக் கொடுத்த புரோகிராமில். வேலையில் இருந்த காலத்தில் விடுமுறை நாட்களாகப் பார்த்து உட்கார்ந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு கபர்களையும் பெயர், வரிசை, எண், வரைபடத்தோடு ஏற்றியிருந்தேன். அது ஓடுவது ஊர் அலுவலகத்தின் பழைய கணினியில் மட்டும். புதுக் கணினி எதில் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"உங்க சம்சாரம் மாதிரி ஆயிடுச்சு பாக், இந்த மெஷின்," என்றாள் விந்தார்த்தி. "பத்து தடவ கூப்பிட்டா ஒரு தடவ பதில் சொல்லுது."

"என் சம்சாரத்த நீ பார்த்ததில்ல. ஒரு தடவ கூப்பிட்டா பத்து தடவ பதில் சொல்லுவா."

அன்று அந்த ஒரு தடவையும் சொல்லவில்லை. கணினியைத் திறந்தோம். உப்புக் காற்று உள்ளே புகுந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஊறுகாய் போடலாம் போல.

"உடம்பு முடிஞ்சுது," என்றான் குஸ்னாதி. அவனும் என்னோடு அதே இலாகாவில் குப்பை கொட்டியவன்தான். "உசிர மட்டும் வேற எடத்துக்கு மாத்தணும்."

வட்டார அலுவலகம் கழித்துக் கட்டிய ஒரு சர்வர் பெட்டி மூலையில் கிடந்தது. அதில் டெபியன் லினக்ஸை ஏற்றுவது. திறந்த மூல சிஸ்டம், யாரிடமும் கையேந்த வேண்டாம், உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். அதன்மேல் மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிற சர்வர் மென்பொருளை நிறுவுவது. பழைய ஹார்ட் டிஸ்கை ஓர் எழுத்து விடாமல் ஒரே ஃபைலாகப் பிரதியெடுத்து அதற்குள் விட்டுவிட்டால், பழைய கணினி தனக்கு இன்னும் உடம்பு இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடத் தொடங்கும். இதோ உன் திரை, இதோ உன் டிஸ்க் என்று வெளியே இருப்பது உள்ளே இருப்பதற்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வேலைக்கு எங்கள் வட்டாரத்திலேயே என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

பிரதியெடுக்கப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. குஸ்னாதி ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வாங்கி வந்திருந்தான். ஒன்று சர்வருக்குள், இன்னொன்று பிரதிக்கு. பழைய டிஸ்க் கடைசி நேரத்தில் டக் டக் என்று அடித்தது. பிரதி முழுதாக முடிந்தது. அடுத்த நொடி அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதைத் தட்டினோம், குலுக்கினோம், குளிர்பெட்டியில் வைத்துக்கூடப் பார்த்தோம். விந்தார்த்தியின் ஐஸ்கிரீம் வீணானதுதான் மிச்சம்.

"பிரதிக்கு ஒரு பிரதி எடுத்துடலாமா?" என்று கேட்டேன். இதை நான் கேட்டேன் என்று எங்காவது பதிவாகட்டும்.

"நாளைக்கு புதன் பாஹிங்," என்றான் குஸ்னாதி, ஏழு நாள் வாரத்தையும் எங்கள் ஐந்து நாள் வாரத்தையும் விரல் மடக்கிச் சேர்த்து நல்ல நாள் பார்த்து. "பெட்டி வந்த நாளுக்கும் ஊர் நாளுக்கும் அதுதான் ஒத்து வருது. விட்டா முப்பத்தஞ்சு நாள் போகணும். அதுவரைக்கும் கடல் காத்திருக்குமா?"

புதன் காலை ஸ்லாமத்தான் விருந்து வைத்தோம். எங்கள் ஊரில் படகு வாங்கினாலும் பால் மாடு வாங்கினாலும் வைப்பதுதான். மஞ்சள் சோற்றுக் கூம்பு, பொரித்த கோழி, சுற்றிலும் காய்கறி. சர்வரை நடுவில் வைத்து, எல்லாக் கேபிளையும் மாட்டி, பெரிய மெழுகுத்தாள் விரித்து உட்கார்ந்தோம். பள்ளிவாசல் மோதின் வந்து துஆ ஓதினார். வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் மின்வெட்டுக்கும் பாதுகாப்பு கேட்டார். என் பெயரைக் குறிப்பிட்டு எதுவும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. புது சிஸ்டம் ஏற்றுமுன், உயிரான டிஸ்க் எதுவாக இருந்தாலும் கழற்றி வேறு அறையில் வைத்துவிட வேண்டும். என் கை தானாகப் பிரதியின் கேபிளுக்குப் போயிற்று.

"ஏய், ஏய்! துஆ ஓதி முடிச்சாச்சு. இப்பப் போயி எதையாச்சும் புடுங்கறியே," என்று குஸ்னாதி கையைத் தட்டிவிட்டான். மோதினும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஓதி முடித்த பிறகு எங்களில் யாரும் எதையும் எடுக்க மாட்டோம். படகுக்கு ஓதினால் ஒரு கயிற்றைக்கூட அவிழ்க்க மாட்டார்கள். கையை எடுத்துவிட்டேன்.

திரையில் இரண்டு டிஸ்க் வந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு, பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. மேலே இருப்பதுதான் உள்ளே இருப்பது என்று எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மோதினுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன்: ஒரே இரவில் நூற்றுத் தொண்ணூற்றாறு சர்வர்களுக்கு நான் சிஸ்டம் ஏற்றிய கதை. கதை நூற்றுத் தொண்ணூற்றைந்தாவதற்கு வந்தபோது எதிரே இருந்த திரை கேட்டது: இதில் உள்ள எல்லாம் அழியும், சரியா? சரி என்று தட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன். மோதின் வயிறு குலுங்கச் சிரித்தார்.

டெபியன் அழகாக ஏறியது. மெய்நிகர் சர்வர் மென்பொருளும் ஒரு தடங்கல் இல்லாமல் ஏறியது. குஸ்னாதி சோற்றுக் கூம்பின் தலையை வெட்டி முதல் தட்டை எனக்கு நீட்டினான். நான் பிரதி ஃபைலைத் தேடினேன். உள் டிஸ்கைத் திறந்தேன். கன்னி கழியாமல் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது, சிஸ்டம் பிரதியின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று.

"என்ன பாக், மூஞ்சி சோத்த விட மஞ்சளா இருக்கு?" என்றாள் விந்தார்த்தி.

பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு தலை குனிந்தது. ஈபு காசியாத்தி. கையில் ஒரு பை. அதில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. தோண்டியெடுக்கிற எலும்பைச் சுற்ற, முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார்.

"நாளைக்குக் காலைல தோண்டப் போறாங்களாம். எம் பையனோட எண் கெடச்சுதா பாக்?"

குஸ்னாதி வாயில் பச்சை மிளகாயோடு என்னைப் பார்த்தான். 'இல்லை' என்று சொல்ல வேண்டும். மூன்றெழுத்து; இரண்டெழுத்தாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த அம்மாள் பையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"ஏழாம் வரிசை, பன்னிரண்டு," என்றேன்.

அந்த முகத்தில் வந்தது பாருங்கள் வெளிச்சம். என் வாழ்நாளில் எந்த மீனுக்கும் அப்படி வந்ததில்லை.

மறுநாள் காலை எல்லோரும் முழங்கால் சேற்றில் நின்றோம். தூணிலிருந்து கயிறு பிடித்து அளந்து ஏழாம் வரிசைக்கு வந்தார்கள். பன்னிரண்டாவதில் ஓர் ஆள் கிடைத்தார். ஈபு காசியாத்தி ஒவ்வொரு எலும்பாக வாங்கிக் கழுவினார். தாடையைக் கையில் எடுத்தபோது விரலால் பல்லைத் தடவினார்.

"அப்படியே அவங்கப்பா பல்லு," என்றார்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து காலைகளும் முடிந்தன. மற்ற எண்கள் போய்விட்டன என்று ஊருக்குச் சொல்லிவிட்டோம்; வீட்டார் ஞாபகத்தில் இருந்ததை வைத்து இன்னும் நாற்பது கபர்களைத் தோண்டினார்கள். மற்றவற்றைக் கடல் மறுபடி மூடிக்கொண்டது.

அதன் பிறகு நான் ஊர் அலுவலகத்திலேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம். சிஸ்டம் ஏறியது டிஸ்கின் ஒரு பகுதியில்தான். மற்ற இடத்தில் பழைய எழுத்துகள் அழியாமல் புதைந்து கிடக்கும். சர்வரை உள் டிஸ்கில் புதிதாக ஏற்றினேன், இந்த முறை சோறு, துஆ, கதை எதுவுமில்லாமல். நாசமான டிஸ்கை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை துழாவினேன். நாற்பத்தொரு நாள். இருபது நாள்தான் என்பான் குஸ்னாதி. தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். பேச மாட்டான். அவன் பேசாமல் இருந்ததற்காகவே அவனை நான் மன்னிக்கவில்லை.

ஒரு காலையில் ஃபைலின் தலை அகப்பட்டது. அடுத்தடுத்துத் துண்டுகளும் அகப்பட்டன. ஒட்டி, ஒரு மெய்நிகர் கணினிக்குள் விட்டேன். நீலத் திரை காட்டி விழுந்தது. டிஸ்க் புது மாதிரி என்று சொன்னது அதற்குப் புரியவில்லை. பழைய மாதிரிதான், நீ இருந்த அதே பெட்டிதான் என்று பொய் சொன்னேன். எழுந்துகொண்டது. இருபது வருடத்துக்கு முந்தைய பச்சை மலைப் படம், மூலையில் என் புரோகிராம்.

விந்தார்த்தி கைதட்டினாள். "பாக், நெசமாவே எழுப்பிட்டீங்க!"

நான் பிராயித்னோ என்று தட்டினேன். மூன்றாம் வரிசை, எண் எட்டு.

பிறகு ஏழாம் வரிசை பன்னிரண்டைத் தேடினேன். சர்காவி, படகுக்கு ஓட்டை அடைப்பவர். உறவினர் கட்டத்தில் 'யாருமில்லை' என்று இருந்தது. நானே ஏற்றிய எழுத்து.

விந்தார்த்தி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெளியே போய்விட்டாள்.

"ஒரே ஒரு வரி," என்றான் குஸ்னாதி. நாற்பத்தொரு நாளில் அவன் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. "மூணு-எட்டு எடத்துல சர்காவின்னு போடு. ஏழு-பன்னெண்டுல பையன் பேரப் போடு. யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மா நிம்மதியா இருக்கு."

மெய்நிகர் கணினியில் ஒரு வசதி உண்டு. எதையும் மாற்றுமுன் அதன் நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் ஒரே தட்டில் திரும்பிவிடலாம். பிடித்து வைத்தேன். பெயர்களை மாற்றினேன். அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது, பொய் மாதிரியே இல்லை. ஒரு தட்டு, பையன் மூன்றாம் வரிசையில். இன்னொரு தட்டு, ஏழாம் வரிசையில். ஆறு நாள் இப்படி மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு மையவாடி. இரண்டிலும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். வெளியே இருப்பது ஒன்றுதான், அதன்மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசை எப்போதும் தாழ்ந்த பக்கம். கடல் உள்வாங்கினாலும் அது இனி வெளியே வராது.

ஏழாம் நாள் உண்மை இருந்த நிலைக்குத் திருப்பி, மற்றதை அழித்தேன். ஈபு காசியாத்தி வீட்டுக்கு நடந்தேன். மூங்கில் தட்டியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாக். இன்னிக்கு எத்தன மீன் புடிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அவர் நிமிர்ந்துவிட்டார். நான் அப்படிப் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை.

சொன்னேன். டிஸ்க், துஆ, சரி என்று தட்டியது, ஏழு, பன்னிரண்டு. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் மீனைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. புரட்டியதையே மறுபடி புரட்டினார்.

"எத்தன நாளா தெரியும்?"

"அவன் இல்லாம இருக்கலாம்னு அன்னிக்கே தெரியும். எங்க இருக்கான்னு தெரிஞ்சு ஏழு நாள்."

"அந்தப் பல்லு?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"அது யாரு?"

"சர்காவி. படகு அடைக்கிறவரு."

"அந்தாளா?" தட்டியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க படக அடச்சுக் குடுத்தான், ஆறே மாசத்துல ஒழுகுச்சு. ஏழு வெள்ளிக்கிழமையா அவனுக்குப் பூ போட்டு, மவனே மவனேன்னு அழுதிருக்கேன். திட்டியிருக்கணும் அவன."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"போங்க," என்றார். "இப்பப் போங்க பாக்."

போனேன். அவர் வாசல் வழியாக நான் அதற்குப் பிறகு நடக்கவில்லை. சந்தைக்குச் சுற்று வழியில் போனேன். ருவா மாதம் வந்தது. எல்லோரும் கபர்களுக்குப் பூ போடுகிற மாதம், வீட்டுக்கு வீடு ஆப்பம் கொடுத்துவிடுகிற மாதம். ஈபு காசியாத்தி வீட்டு ஆப்பப் பெட்டி தெருவில் எல்லோருக்கும் போயிற்று. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவி காரணம் கேட்கவில்லை. அவளே ஆப்பம் சுட்டு என் முன்னால் வைத்தாள்.

மாதக் கடைசியில் ஒரு காலை, ஈபு காசியாத்தி ஊர் அலுவலக வாசலில் குனிந்தார்.

"மேட்டுல இருக்கறவனுக்குப் பூ போட்டுட்டுதான் வரேன்," என்றார் விந்தார்த்தியிடம். என்னைப் பார்க்கவில்லை. "அவனுக்குந்தான் வேற யாரு இருக்கா. உறவுக் கட்டத்துல எம் பேரப் போட்டுடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மூணு-எட்டு. அந்த மையவாடிப் படம் இருக்கில்ல? படகு எடுங்க."

வரைபடத்தை அச்செடுத்து நெகிழிப் பையில் போட்டுக்கொண்டேன். குஸ்னாதி துடுப்புப் போட்டான். அலை பாதி ஏறியிருந்தது. இடது தூணைத் தொட்டுக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கினேன். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. தாளில் கோடு நேராக இருந்தது. தண்ணீரில் கோடு ஏது? குஸ்னாதி நிறுத்துகிற இடத்திலெல்லாம் நீரோட்டம் படகை ஒரு முழம் தள்ளிவிட்டது. மறுபடி தூணுக்குப் போய் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு இடம்.

ஈபு காசியாத்தி பூப் பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கயா பாக்?"

ஓர் எண் நுனிநாக்கில் தயாராக நின்றது. எத்தனை முழம், எத்தனை சாண் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"சுமாரா, ஈபு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் எந்த வெளிச்சமும் வரவில்லை.

"அப்ப எல்லாப் பக்கமும் போடணும்," என்று குஸ்னாதியிடம் சொன்னார். "மெதுவா சுத்து."

குஸ்னாதி சுற்றினான்.